நோட்டீஸ் வந்திருக்கிறது, சட்டத்தை நானே படித்துப் பார்க்கலாமா?

கேள்வி: திருப்பாலைக்குடிக்குப் பக்கத்தில் கடற்கரையை ஒட்டி எங்கள் வீடு, தாத்தா கட்டியது. மழைக்கு ஒழுகுகிறதென்று போன மாதம் பிரித்துக் கட்ட ஆரம்பித்தோம். 15 நாளில் விளக்கம் கொடு என்று நோட்டீஸ் வந்துவிட்டது. ஒருத்தர் 200 மீட்டர் என்கிறார், இன்னொருத்தர் 500 மீட்டர் என்கிறார். சுப்ரீம் கோர்ட்டே கடலோர வீடுகளை இடிக்கச் சொல்லிவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது, ஐந்து வருடம் ஜெயில் என்று மற்றொன்று. நான் டிகிரி முடித்தவன். வக்கீலிடம் போகும் முன் நானே சட்டத்தைப் படித்துப் பார்க்க நினைக்கிறேன். எங்கே படிப்பது, எதை நம்புவது?

பதில்: தாராளமாகப் படியுங்கள் தம்பி. படித்துவிட்டு வரும் கட்சிக்காரரிடம் பேசுவது எனக்கும் சுலபம். ஆனால் உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, முக்கியமான ஒன்று மட்டும் இல்லை. அந்த நோட்டீஸ் எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் வந்தது? தேடலை கூகுளில் ஆரம்பிக்காதீர்கள், கையில் இருக்கும் அந்தத் தாளில் ஆரம்பியுங்கள். மேலேயோ முதல் பத்தியிலோ சட்டத்தின் பெயர், வருடம், பிரிவு எண் இருக்கும். 1905-ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டம், 7-ஆம் பிரிவு என்று இருந்தால் தாசில்தார் உங்கள் இடத்தைப் புறம்போக்கு என்கிறார், அங்கே கடலிலிருந்து எத்தனை மீட்டர் என்ற பேச்சே இரண்டாம்பட்சம், பட்டா இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986, 5-ஆம் பிரிவு என்றிருந்தால் அது கடலோர ஒழுங்குமுறை மண்டலம், நம் ஊரில் எல்லோரும் சி.ஆர்.இசட். என்று சொல்வது. ஊராட்சியிலிருந்து கட்டட அனுமதி கேட்டு வந்திருந்தால் அது மூன்றாவது கதை. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

நீங்கள் கேட்டதை வைத்துப் பார்த்தால் சி.ஆர்.இசட். மாதிரிதான் தெரிகிறது, அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

சட்டம் படிக்க முதல் இடம் இந்தியா கோட். மத்திய அரசு நடத்தும் இலவசத் தளம், மத்தியச் சட்டங்களும் தமிழ்நாட்டுச் சட்டங்களும் அதில் உண்டு. போலித் தளங்களும் இருப்பதால் முகவரியின் கடைசியில் ஜிஓவி.இன் அல்லது என்ஐசி.இன் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தைத் திறந்து முழுக்கப் படித்தாலும் 200 மீட்டரும் இருக்காது, 500 மீட்டரும் இருக்காது. பயந்துவிடாதீர்கள். சட்டம் என்பது மேல்மாடி. அதன் கீழே விதிகள், அதற்கும் கீழே அறிவிக்கைகள். நம் வீட்டுக்குப் பிரச்சினை வருவது பெரும்பாலும் கீழ்த்தளத்திலிருந்துதான். 15 நாள் அவகாசம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? 5-ஆம் பிரிவில் உத்தரவு போடும் முன் ஆட்சேபணை சொல்ல 15 நாளுக்குக் குறையாமல் தர வேண்டும் என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986-இல் 4-ஆம் விதி. சட்டத்தை மட்டும் படித்தவர் கண்ணில் இது படவே படாது.

சி.ஆர்.இசட். என்பது அறிவிக்கை. முதலாவது 1991 பிப்ரவரி 19, அடுத்தது 2011 ஜனவரி 6, இப்போது இருப்பது 2019 ஜனவரி 18. இவை மத்திய அரசிதழில் வெளியானவை, இ-கெசட் தளத்தில் தேதி போட்டுத் தேடி எடுக்கலாம், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் தளத்திலும் இருக்கும். உங்களிடம் 200 என்றவரும் பொய் சொல்லவில்லை, 500 என்றவரும் பொய் சொல்லவில்லை. உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது அலை ஏறி வரும் உச்ச எல்லையிலிருந்து, நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இந்த மண்டலம். அதற்குள் கிராமப்புறத்தில் முதல் 200 மீட்டர், வளர்ச்சிப் பணி கூடாத பகுதி. 2019 அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமப் பகுதிகளுக்கு அந்த 200-ஐ 50 ஆகக் குறைத்தது. ஆக மூன்றாவதாக ஒருத்தர் வந்து 50 மீட்டர் என்று சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2019 அறிவிக்கை தானாக எல்லா ஊருக்கும் வந்துவிடவில்லை. ஒரு பகுதியின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம், அதாவது வரைபடம், 2019-க்கு ஏற்றபடி திருத்தப்படும் வரை அங்கே 2011 அறிவிக்கையே தொடரும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதனால் உங்கள் புல எண்ணுக்கு (சர்வே நம்பருக்கு) எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது, அதில் உங்கள் இடம் எந்த வகை என்று தெரியாமல் அறிவிக்கையைப் படித்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. தமிழ்நாடு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் தளத்தில் முதலில் பாருங்கள். புரியவில்லை என்றால் கலெக்டர் தலைமையில் இருக்கும் மாவட்டக் குழுவிடம் எழுதிக் கேளுங்கள். அந்தக் குழுவில் பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கை சொல்கிறது. உங்கள் பக்கத்து ஊர்க்காரர் யாராவது அதில் இருக்கிறாரா என்று விசாரித்தாலே பாதி தகவல் வந்துவிடும்.

அறிவிக்கையைப் படிக்கும்போது தடை போடும் வரியோடு நிறுத்திவிடாதீர்கள். தடைக்கு அடுத்து வரும் விதிவிலக்கையும் புரொவைசோவையும் (‘ஆனால்’ என்று சேர்க்கும் நிபந்தனை வரியையும்) பாருங்கள், உங்கள் வீடு அங்கேதான் இருக்கும். 2011 அறிவிக்கையில் அந்த 200 மீட்டருக்குள்ளேயே, ஏற்கெனவே இருக்கும் அனுமதி பெற்ற கட்டடத்தைப் பழுது பார்க்கவும் திரும்பக் கட்டவும் இடம் உண்டு, பழைய அடித்தளப் பரப்பைத் தாண்டக் கூடாது என்பது உட்பட சில நிபந்தனைகளோடு. அதுபோக மீனவர் உள்ளிட்ட கடலோர மக்களின் குடியிருப்புக்கு 100-லிருந்து 200 மீட்டருக்குள் தனி வழி ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது மாநில அரசு திட்டம் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டிய வழி, தனி ஆளாக நீங்கள் போய் நிற்க முடியாது. முதல் வழியில் ‘அனுமதி பெற்ற’ என்ற இரண்டு வார்த்தையில்தான் உங்கள் வழக்கு தொங்குகிறது. பழைய வீட்டு வரி ரசீது வீடு இருந்ததைக் காட்டும், அனுமதி இருந்ததைக் காட்டாது. இருந்தாலும் 1991 பிப்ரவரிக்கு முன்னாலிருந்தே அங்கே வீடு இருந்தது என்பதற்கு என்ன தாள் கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள், தாத்தாவின் இரும்புப் பெட்டியைக் கிளறுங்கள்.

அந்த ஐந்து வருட ஜெயில். இது பழைய பி.டி.எஃப். பிரச்சினை. 1986 சட்டத்தின் 15-ஆம் பிரிவில் அப்படித்தான் இருந்தது. 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் அதை மாற்றி, மீறலுக்கு 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று ஆக்கியது, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பழைய வாசகம் இன்னும் ஆயிரம் இடத்தில் கிடக்கிறது, சட்ட வாசகத்தை மட்டும் அச்சடித்து விற்கும் பழைய ‘பேர் ஆக்ட்’ புத்தகத்திலும் இருக்கும். கடையில் வாங்கினால் விலையைப் பார்க்கும் முன் அச்சான வருடத்தைப் பாருங்கள். 2024 ஜூலை 1-க்கு அப்புறமும் இ.பி.கோ. பிரிவு எண்ணை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், புதுக் குற்றங்களுக்கு அன்றிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாதான்.

அடுத்தது தீர்ப்புகள். சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளை இ-எஸ்.சி.ஆர். என்ற தளத்தில் 2023 ஜனவரியிலிருந்து இலவசமாகவே தருகிறார்கள், சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. புரிந்துகொள்ளத் தமிழ், காட்டுவதற்கு ஆங்கிலம். அதிகாரபூர்வமானது ஆங்கிலப் பிரதிதான். நம் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை, ஆனால் சென்னையில் வந்த தீர்ப்பும் அதே உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புதான். கேரளா, ஆந்திரா உயர் நீதிமன்றம் சொன்னது இங்கே ஒரு துணைக்குத்தான், கட்டுப்படுத்தாது. இ-கோர்ட்ஸின் தீர்ப்புத் தேடலில் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை வார்த்தை போட்டுத் தேடலாம். சுற்றுச்சூழல் விஷயம் என்பதால் பசுமைத் தீர்ப்பாயத்தின் தளத்தையும் விடாதீர்கள், சென்னையில் இருக்கும் தென்மண்டல அமர்வுதான் நமக்கு. தனியார் தளங்களில் இந்தியன் கானூன் நல்லது, 2008-லிருந்து இலவசம். ஒரு தீர்ப்பைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டியிருக்கின்றன என்று அதில் வரும் பட்டியலைக் கட்டாயம் திறந்து பாருங்கள். நான் ஜூனியராக இருந்தபோது அதைச் செய்யாமல், பிற்பாடு ரத்தான ஒரு தீர்ப்பை நீட்டி முழக்கி வாசித்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரே வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்தார். காது மடல் சூடானது இன்னும் நினைவிருக்கிறது.

தீர்ப்பு அப்படியே இருக்க, சட்டம் அதைத் தாண்டிப் போய்விடுவதும் உண்டு. நம் கடற்கரைக்கு நெருக்கமான உதாரணம் இறால் பண்ணை வழக்கு, எஸ். ஜெகந்நாத், 1996 டிசம்பர். சி.ஆர்.இசட். பகுதிக்குள் இறால் குட்டைகள் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. படித்தால் இன்றைக்கும் கணீரென்று இருக்கும். ஆனால் 2005-இல் பாராளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து நிலைமையையே மாற்றிவிட்டது, 2023-இல் அதற்கும் ஒரு திருத்தம். தீர்ப்பை மட்டும் படித்தவருக்கு இது தெரியாது.

அந்த வாட்ஸ்அப் இடிப்புச் செய்தி அநேகமாக மரடு அடுக்குமாடி வழக்கின் தூரத்துச் சொந்தம். கொச்சிக்குப் பக்கத்தில், 2019 மே மாதத் தீர்ப்பு, 2020 ஜனவரியில் வெடி வைத்து இடித்தார்கள். எடுத்துப் படியுங்கள். அங்கே பேசப்பட்டது உள்ளாட்சி கொடுத்த கட்டட அனுமதியும், அனுமதி கொடுத்தபோது நடப்பில் இருந்த வரைபடத்தில் அந்த இடம் எந்த வகை என்பதும். ஊரில் இருக்கும் எல்லாக் கடலோர வீட்டையும் இடி என்று அதில் இல்லை. தீர்ப்பு படிக்கும்போது இன்னொரு தடுக்கலும் உண்டு. முதல் பல பக்கம் இரண்டு தரப்பு வக்கீல்களும் வாதாடியது, நீதிபதி சொன்னதல்ல. அதை எடுத்து ‘கோர்ட்டே சொல்லியிருக்கிறது’ என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். இடைக்கால உத்தரவா இறுதித் தீர்ப்பா என்பதையும் பாருங்கள்.

ஏ.ஐ.யிடம் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எப்படியும் கேட்பீர்கள். கடினமான பத்தியை எளிமையாக்கிச் சொல்லக் கேளுங்கள், வழக்கின் பெயர் கேட்காதீர்கள். இல்லாத வழக்கை எண்ணோடும் வருடத்தோடும் அழகாகச் சொல்லும். 2023-இல் நியூயார்க்கில் அப்படி வந்த வழக்குகளைச் சரிபார்க்காமல் கோர்ட்டில் கொடுத்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம். அது சொன்ன வழக்கு அரசுத் தளத்தில் கிடைக்கவில்லையா, அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாணை என்று யாராவது சொன்னால் துறையும் தேதியும் கேளுங்கள். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி வரிசை எண் என்பதால் ‘அரசாணை எண் 45’ என்றால் ஒரு அர்த்தமும் இல்லை.

இணையத்தில் கிடைக்காததற்கு தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, என் புல எண்ணுக்கான கடலோர மண்டல வரைபட நகல், இடத்தை அளந்த அறிக்கை நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ‘ஏன் எனக்கு மட்டும்’ என்று கேட்டால் பதில் வராது. அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது, உங்களுக்கு 15 நாள்தான் இருக்கிறது, அதனால் இதை நம்பிக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே ஒரு பக்கத்தில், நோட்டீஸ் கிடைத்த தேதியைக் குறிப்பிட்டு, அவர்கள் நம்பும் அளவீடு, வரைபட நகல்களைக் கேட்டு, முழு விளக்கத்துக்கு அவகாசமும் கேட்டு எழுதி, நேரில் கொடுத்துத் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்குங்கள். வீட்டைப் பற்றிய விவரம் எதையும் அதில் ஒப்புக்கொள்ள வேண்டாம். அதுவரை கட்டட வேலையை நிறுத்தி வையுங்கள், நிறுத்தியதைப் படம் பிடித்து வையுங்கள்.

பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேட்டை வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்தில் எடுக்கலாம். வில்லங்கத்தைப் பதிவுத் துறை தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் எடுத்துவிடுங்கள், அது இல்லாமல் மீட்டர் கணக்குப் பேச முடியாது.

இத்தனையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு, நோட்டீஸ் தேதியிலிருந்து பத்து நாளுக்குள் வக்கீலைப் பாருங்கள். பணம்தான் தயக்கம் என்றால் ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்குக் கூப்பிட்டும் கேட்கலாம். 1987 சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பட்டா உங்கள் அம்மா பெயரில் இருந்தால் மனுவை அவரே கொடுக்கட்டும்.