ரன் கொடுக்கும் முன் விடையை எழுதுங்கள்

இளங்கலை கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள். டேட்டா ஸ்ட்ரக்சரும் ஆபரேட்டிங் சிஸ்டமும் பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் பேராசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: வகுப்பில் சார் சி புரோகிராம் எழுதும்போது ஒவ்வொரு வரியும் புரிகிறது. அறைக்கு வந்து நானே எழுத உட்கார்ந்தால் முதல் வரிகூட வரவில்லை. இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவராதோ? (முதலாண்டு மாணவி)

ஒத்துவரும். அதற்குள் அப்படியொரு முடிவுக்குப் போகாதீர்கள். அடுத்தவர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வது ஒரு திறமை, வெறும் தாளில் தானே எழுதுவது வேறொரு திறமை. இரண்டுக்கும் நடுவில் ஒரு படி உண்டு. அதில் கால் வைக்காமலே தாவப் பார்ப்பதால்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்தப் படிக்குப் பெயர் டிரை ரன். கம்ப்யூட்டரைத் தொடாமல், புரோகிராமைத் தாளில் ஓட்டிப் பார்ப்பது.

ஒரு அரேயில் (எண்களை வரிசையாக வைத்த பட்டியலில்) உள்ள மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். 'பெரியது' என்று ஒரு வேரியபிள் (மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டி), தொடக்கத்தில் அதன் மதிப்பு 0. லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, ஒவ்வோர் எண்ணாகப் பார்க்கும். கையில் உள்ள எண் 'பெரியது' என்பதைவிடக் கூடுதலாக இருந்தால் அதை அங்கே போட்டுக்கொள்ளும். தாளில் கட்டம் போடுங்கள்: ஒரு பத்தியில் லூப் எத்தனையாவது சுற்று என்பது, அடுத்ததில் கையில் உள்ள எண், மூன்றாவதில் 'பெரியது'. 4, 9, 2 கொடுத்தால் மூன்றாவது பத்தி 4, 9, 9 என்று போகும். விடை 9. சரி.

இப்போது -7, -3, -12 கொடுங்கள். மூன்றாவது பத்தி 0, 0, 0. விடை 0 என்று வருகிறது. அந்த எண் அரேயிலேயே இல்லை! பல பாடக்குறிப்புகளில் இப்படித்தான் எழுதியிருக்கும், வகுப்பில் தலையாட்டிவிட்டு வந்திருப்போம். கட்டம் போட்டவருக்கு மட்டும் தப்பு கண்ணில் படும். படுவதோடு, 'பெரியது' என்பதில் அரேயின் முதல் எண்ணை வைத்துத் தொடங்க வேண்டும் என்பதும் தானாகத் தோன்றும். அடுத்த நிமிஷமே, 'அரேயில் ஒன்றுமே இல்லாவிட்டால்?' என்று மனம் கேட்கும். அப்படிக் கேட்கத் தொடங்கிவிட்டால் நீங்கள் எழுதவும் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதிலிருந்து ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரன் கொடுக்கும் முன், அதாவது புரோகிராமை மெஷினில் ஓட்டும் முன், என்ன விடை வரும் என்று தாளில் எழுதிவிடுங்கள். திரையில் வேறு விடை வந்தால், எந்த வரியில் உங்கள் கணக்கும் மெஷின் கணக்கும் பிரிந்தன என்று தெரியும்வரை ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள். லேபில் நான் ஓயாமல் பார்ப்பது இதற்கு நேர்மாறு. லூப் ஒரு சுற்று குறைவாக ஓடுகிறது என்றால் 'சிறியது' குறியை 'சிறியது அல்லது சமம்' ஆக்குவார்கள், சரிவராவிட்டால் ஒன்றைக் கூட்டுவார்கள், பிறகு கழிப்பார்கள். எப்படியோ விடை வந்துவிடும். ஏன் வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த விடையால் மாணவருக்கு ஒரு பயனும் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

கட்டம் போட்ட புரோகிராமை மறுநாள் நோட்டைப் பார்க்காமல் எழுதுங்கள். அது வந்துவிட்டால் கொஞ்சம் மாற்றுங்கள்: இரண்டாவது பெரிய எண் வேண்டும். 9, 9, 2 என்று இருந்தால் இரண்டாவது பெரியது 9ஆ, 2ஆ? அதை முதலில் நீங்கள் தீர்மானிக்க வேண்டும், மெஷின் தீர்மானிக்காது. வெறும் தாள் மருட்டுவதற்குப் பாதிக் காரணம், என்ன வேண்டும் என்று முடிவு செய்யாமலே எப்படி எழுதுவது என்று யோசிப்பதுதான்.

கேள்வி: எனக்கு ஆப் செய்யத்தான் ஆசை. டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ் (தர்க்கம், கிராஃப், எண்ணுதல் போன்றவற்றைப் பற்றிய கணிதம்) எதற்கு? (முதலாண்டு மாணவர்)

1854ல் ஜார்ஜ் பூல், உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்து ஒரு கணிதம் எழுதினார். அப்போது கம்ப்யூட்டர் சிப் யாருடைய நினைப்பிலும் இல்லை. 1937ல் கிளாட் ஷானன் என்ற இளைஞர், தம் முதுநிலை ஆய்வேட்டில், சுவிட்சுகளை இணைத்த சுற்றுகளுக்கு அதே கணிதம் அப்படியே பொருந்தும் என்று காட்டினார். நீங்கள் செய்யப்போகும் ஆப் ஓடுகிற சிப் அந்தக் கணிதத்தின் மேல்தான் நிற்கிறது. வரைபடத்தில் குறுகிய வழி காட்டும் ஆப்களுக்குப் பின்னால் இருக்கும் அடிப்படை யோசனை, கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1956ல் யோசித்து 1959ல் வெளியிட்ட கிராஃப் அல்காரிதம் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட அமைப்பில் வழி தேடும் முறை).

வரலாறு இருக்கட்டும், உங்கள் கைக்கே பயன்படுவதைச் சொல்கிறேன். ஃபிபனாச்சி எண்ணை ரிகர்ஷனில், அதாவது ஃபங்ஷன் என்னும் நிரல்துண்டு தன்னையே அழைக்கும் முறையில், எழுதியிருப்பீர்கள்: 0 என்றால் 0, 1 என்றால் 1, மற்றபடி முந்தைய இரண்டின் கூட்டல். எழுத அழகாக இருக்கும். 5வது எண்ணைக் கேட்டால் அந்த ஃபங்ஷன் மொத்தம் 15 முறை அழைக்கப்படும். 30வது எண்ணைக் கேட்டால்? 26,92,537 முறை. இதைத் தெரிந்துகொள்ள நிரலை ஓட்ட வேண்டியதில்லை. அழைப்புகளின் எண்ணிக்கையை ஒரு ரெக்கரன்ஸ் ரிலேஷனாக (முந்தைய மதிப்புகளிலிருந்து அடுத்ததைத் தரும் சமன்பாடாக) எழுதினால் தாளிலேயே வந்துவிடும். அதே 30வது எண்ணை, ஏற்கெனவே கண்டுபிடித்தவற்றைச் சேமித்துக்கொண்டே போனால் முப்பது கூட்டல்கூட வேண்டாம். உங்கள் ஆப் பயனரின் கையில் திணறுமா, ஓடுமா என்பதை முன்கூட்டியே சொல்லும் பாடம் இது. இண்டக்‌ஷனும் அப்படித்தான். முதல் மதிப்புக்குச் சரி என்றும், ஒன்றுக்குச் சரியென்றால் அடுத்ததற்கும் சரி என்றும் காட்டும் நிரூபண முறை அது. ரிகர்ஷன் ஃபங்ஷன் சரியாக வேலை செய்யும் என்று எப்படி நம்புவது என்ற கேள்விக்கு இண்டக்‌ஷனைத் தவிர எனக்கு வேறு நல்ல பதில் தெரியவில்லை. கணிதப் பேராசிரியரிடம் போய், 'இந்தத் தேற்றத்தை எந்த நிரலில் பார்க்கலாம்?' என்று கேளுங்கள். நல்ல ஆசிரியருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

கேள்வி: சி, ஜாவா, பைத்தான், எதில் தொடங்கலாம்? (படிப்பில் சேரப்போகும் மாணவர்)

உங்கள் கல்லூரியில் எதில் தொடங்குகிறார்களோ அதில். ஒரே நிபந்தனை: ஒன்றை முழுதாகப் பிடிக்கும்வரை இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். பைத்தானில் தொடங்கியவர்களும் ஒரு கட்டத்தில் சி பக்கம் வந்து, பாயின்டரும் (மெமரியில் ஓர் இடத்தின் முகவரி) மெமரியும் என்னவென்று பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: கேட்டால் போதும், ஏஐ முழு நிரலையும் எழுதித் தந்துவிடுகிறது. அசைன்மென்ட்டை அதில்தான் முடிக்கிறேன். இதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்ற சோர்வு வந்துவிட்டது. (இரண்டாமாண்டு மாணவர்)

சோர்வு புரிகிறது. அதை அசட்டை செய்யமாட்டேன். ஆனால் ஒரு பழைய கதையைக் கேளுங்கள்.

பைனரி சர்ச் உங்களுக்குத் தெரியும்: நடுவில் பார்த்து, தேவையில்லாத பாதியை ஒதுக்கிக்கொண்டே போகும் தேடல். வரிசைப்படுத்திய 10 லட்சம் எண்களில் ஒன்றைத் தேட அதிகபட்சம் 20 ஒப்பீடு. யோசனையைப் பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம். அது முதன்முதலில் அச்சில் வந்தது 1946ல். எந்த அளவு பட்டியலுக்கும் சரியாக ஓடும் வடிவம் 1960ல்தான் அச்சேறியது என்று கணினி அறிஞர் டொனால்டு க்னூத் எழுதியிருக்கிறார். அதோடு முடியவில்லை. ஜாவாவின் நூலகத்திலேயே (அந்த மொழியோடு வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பிலேயே) இருந்த பைனரி சர்ச்சில், பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் ஒரு பிழை இருந்தது. 2006ல் அதை ஊரறியச் சொன்னவர், அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கேதான்.

பிழை எங்கே தெரியுமா? நடு இடத்தைக் கண்டுபிடிக்கத் தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோமே, அந்த வரியில். 32 பிட் முழு எண்ணில் 2,14,74,83,647 வரைதான் அடங்கும். பட்டியல் நூறு கோடியைத் தாண்டிப் பெரிதாகும்போது அந்தக் கூட்டல் இந்த எல்லையை மீறி மைனஸ் எண்ணாக மாறிவிடும். நிரல் நின்றுபோகும். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, அதில் பாதியைத் தொடக்கத்தோடு கூட்டினால் சரியாகிவிடும். கணிதத்தில் இரண்டு வரிகளும் ஒன்றே. மெஷினில் ஒன்றல்ல.

ஏஐ தருவது பெரும்பாலும் பார்க்க நன்றாக இருக்கும், ஓடவும் ஓடும். ஜாவா நூலகத்தில் இருந்த அந்த வரியும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பல ஆண்டுகள் ஓடவும் செய்தது. அந்த வரியில் விரலை வைத்து, 'இது எப்போது உடையும்?' என்று கேட்க ஒருவர் வேண்டும். அப்படிக் கேட்கும் ஆளாக உங்களை ஆக்கத்தான் இந்தப் படிப்பு. அசைன்மென்ட்டை அப்படியே ஏஐயிடம் கொடுத்துவிட்டால், அந்தப் பயிற்சி உங்களுக்குக் கிடைக்காமலே போகும்.

அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் நீங்கள் எழுதுங்கள், அரைகுறையாக இருந்தாலும் சரி. பிறகு ஏஐயிடம் கேட்டு, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். அது தந்த நிரல் தோற்கும் மாதிரி ஓர் இன்புட் தேடுங்கள்: காலிப் பட்டியல், ஒரே ஓர் எண், எல்லாம் ஒரே எண், மைனஸ் எண்கள், எல்லையை ஒட்டிய எண்கள். தோற்கடிக்க முடிந்தால் அன்று நிறையக் கற்றீர்கள். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று ஒரு பத்தி எழுதுங்கள். உங்கள் ஆசிரியர் ஏஐயைக் கூடாது என்று சொல்லியிருந்தால் மட்டும் அந்த அசைன்மென்ட்டில் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: பெரிய மேட்ரிக்ஸ் ஒன்றின் எல்லா எண்களையும் கூட்ட சி-யில் இரண்டு புரோகிராம் எழுதினேன். ஒன்று ரோ ரோவாக, அதாவது கிடைவரிசையாகப் போகிறது, மற்றது பத்தி பத்தியாக (column), அதாவது மேலிருந்து கீழாக. கூட்டல்களின் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் இரண்டாவது பல மடங்கு மெதுவாக ஓடுகிறது. என் தவறா? (இரண்டாமாண்டு மாணவி)

உங்கள் தவறு இல்லை. இந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்! யாரும் கேட்காமலே அளந்து பார்த்திருக்கிறீர்கள்.

சி-யில் மேட்ரிக்ஸ் மெமரியில் ரோ ரோவாகத்தான் அடுக்கப்படும். பிராசசர் மெமரியிலிருந்து ஓர் எண்ணை மட்டும் எடுத்துவராது. அக்கம்பக்கத்தையும் சேர்த்து ஒரு கட்டாக கேஷுக்கு (பிராசசரை ஒட்டிய சிறிய, வேகமான மெமரிக்கு) கொண்டுவரும். இன்றைய பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அந்தக் கட்டு 64 பைட். ஓர் எண் 4 பைட் என்றால் ஒரு கட்டில் 16 எண்கள். ரோ வழியே போனால் பதினாறும் பயன்படுகின்றன. பத்தி வழியே போகும்போது ஒன்றை எடுத்துவிட்டு அடுத்த ரோவுக்குப் போய்விடுகிறீர்கள். மேட்ரிக்ஸ் பெரிதாக இருந்தால், மீதி 15 எண்களுக்குத் திரும்பி வருவதற்குள் அந்தக் கட்டு கேஷிலிருந்து வெளியேறியிருக்கும். மறுபடி மெமரிக்குப் போக வேண்டும்.

மேட்ரிக்ஸின் அளவை 100, 500, 1000, 5000 என்று மாற்றி, இரண்டின் நேரத்தையும் ஒரு கிராஃபில் வரைந்து பாருங்கள். சிறிய அளவில் வித்தியாசம் தெரியாது, முழு மேட்ரிக்ஸும் கேஷுக்குள் அடங்கிவிடும். எந்த அளவில் கோடுகள் பிரிகின்றன என்று பார்த்து, உங்கள் பிராசசரின் கேஷ் அளவோடு ஒப்பிடுங்கள். கம்பைலர் ஆப்டிமைசேஷனை (நிரல் வேகமாக ஓடக் கம்பைலர் செய்யும் மாற்றங்களை) ஒரு முறை போட்டும், ஒரு முறை போடாமலும் அளங்கள். சில நேரம் அது லூப்பின் வரிசையையே மாற்றிவிடும். முடிந்ததும் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் ஆசிரியரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கேள்வி: தியரி ஆஃப் கம்ப்யூடேஷன் தேர்வில் தோற்றுவிட்டேன். எல்லா விளக்கத்தையும் மனப்பாடம் செய்தும் இப்படி ஆகிவிட்டது. (மூன்றாமாண்டு மாணவர்)

வருத்தப்படாதீர்கள், ஒரு தேர்வுதான். ஆனால் படித்த முறையை மாற்ற வேண்டும். இந்தப் பாடத்தில் மனப்பாடம் செய்ய மிகக் குறைவு, கட்டிப் பார்க்கத்தான் அதிகம்.

பைனரி எண்ணை இடமிருந்து ஒவ்வொரு பிட்டாகப் படித்து, அது 3ஆல் வகுபடுமா என்று சொல்லும் ஆட்டோமேட்டனை (ஒரு ஸ்டேட்டிலிருந்து, அதாவது நிலையிலிருந்து, இன்னொன்றுக்கு மாறும் எளிய கற்பனை மெஷினை) வரையுங்கள். மூன்றே ஸ்டேட் போதும்: இதுவரை படித்ததன் மீதி 0, 1, 2. புதிதாக ஒரு பிட் வந்தால் பழைய மீதியை இரட்டித்து, பிட்டைக் கூட்டி, மறுபடி 3ஆல் வகுத்து மீதி எடுங்கள். 110 கொடுத்தால் மீதி 1, பிறகு 0, பிறகு 0. வகுபடும், அது 6தானே. அடுத்து 5ஆல் வகுபடுவதற்கு வரையுங்கள். இப்படிப் பத்து மெஷின் சொந்தமாக வரைந்தால் பாதிப் பாடம் கைக்கு வந்துவிடும். ஹால்டிங் பிராப்ளத்தைக் கடைசியில் படியுங்கள்: எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஓடி முடியுமா என்று சொல்லும் பொதுவான வழி இருக்க முடியாது என்று 1936ல் ஆலன் டூரிங் நிரூபித்தது. படித்ததும் நண்பர் ஒருவருக்கு உங்கள் சொந்த வார்த்தையில் விளக்குங்கள். எந்த இடத்தில் திக்குகிறீர்களோ அந்த இடத்தைத் திரும்பப் படியுங்கள்.

கேள்வி: மகள் இந்தப் படிப்பில் சேர்கிறாள். என்ன லேப்டாப் வாங்குவது? (ஒரு தந்தை)

ஐயா, 8 ஜிபி ரேம் போதும், 16 இருந்தால் படிப்பு முடியும்வரை நிம்மதி. எஸ்எஸ்டி கட்டாயம். கேம் விளையாடுகிறவர்களுக்கான கிராபிக்ஸ் கார்டு முதல் இரண்டு ஆண்டுப் பாடத்துக்குத் தேவைப்படாது. லினக்ஸ் போட்டுக்கொள்ள அனுமதியுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் மகளையே சரிசெய்ய விடுங்கள், முக்கியமான ஃபைல்களுக்கு வேறொரு பிரதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.