மாமியார் கிளம்ப மாட்டேங்குறாங்க, என்ன பண்றது?

கேள்வி: இசிப்பிங்கோல ஆத்துக்குக் கிட்ட வீடு. 2022 ஏப்ரல்ல, பெரிய வெள்ளிக்கு நாலு நாள் முன்னாடி, ராத்திரியில தண்ணி உள்ள வந்துடுச்சு, கட்டுன துணியோட பக்கத்து மாடி வீட்டுல போய் நின்னோம், ஐடி புக்கெல்லாம் ஊறிப்போச்சு. இப்பவும் பெரிய மழைன்னா மாமியார் நகர மாட்டேங்குறாங்க. 1987 வெள்ளத்தையே பார்த்தவ நான், சாமி விளக்கை விட்டுட்டு எங்க வர்றதுன்னு கேக்குறாங்க. எப்ப கிளம்பணும், எங்க உதவி கேக்கணும்? - ஒரு வாசகி, டர்பன்

பதில்: முதல்ல அந்த விளக்கைத் துண்டுல சுத்தி மாமியார் கையிலயே குடுத்துடுங்க. பெரியவங்க பல பேர் வீட்டுக்காக நிக்கிறதில்ல, சாமி ரூமுக்காக நிக்கிறாங்க. விளக்கு கூடவே வருதுன்னா பாதி சண்டை முடிஞ்சுது.

1987ஐயும் 2022ஐயும் ஒண்ணா வெச்சுப் பேசாதீங்கன்னு அவங்ககிட்ட பொறுமையா சொல்லுங்க, 2022ல சில இடத்துல 24 மணி நேரத்துல 300 மில்லிமீட்டருக்கும் மேல கொட்டுச்சு, 400 பேருக்கு மேல செத்தாங்க. 1917ல நம்ம டர்பன் உம்கேனி ஆறு பொங்குனப்ப மாரிமுத்து படவட்டானும் கூட அஞ்சு பேரும் மீன்பிடிப் படகை எடுத்துட்டுப் போய் 176 பேரைக் காப்பாத்துன கதை உங்க மாமியாருக்கே தெரிஞ்சிருக்கும். நம்ம ஆளுங்கன்னு பெருமைதான், ஆனா ஒவ்வொரு தடவையும் படகு வரும்னு உக்காந்திருக்க முடியுமா?

வெதர் சர்வீஸ் ஆரஞ்சு வார்னிங் குடுத்தா வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுல இருக்குற சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடுங்க. வெறும் மழைதானே வந்துச்சுன்னு மறுநாள் யாராவது சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். தரை காஞ்சிருக்கும்போதே டிபி போர்டுல (வீட்டுக் கரண்ட் சுவிட்ச் பெட்டி) மெயினை ஆஃப் பண்ணிடுங்க, தண்ணி வந்தப்புறம் அதைத் தொடவே கூடாது. ரோட்டுல தண்ணி ஓடுச்சுன்னா காரை இறக்காதீங்க, ஒரு அடித் தண்ணி போதும், சின்ன காரைத் தூக்கிடும்.

மாட்டிக்கிட்டா செல்போன்ல 112, ஆம்புலன்ஸுக்கு 10177. போக இடமே இல்லேன்னா வார்டு கவுன்சிலர்கிட்ட எந்த கம்யூனிட்டி ஹால் திறந்திருக்குன்னு கேளுங்க, ஹாலுக்குப் போனதும் கூச்சப்படாம வீட்டுல இருக்குற அத்தனை பேர் பேரையும் எழுதி வைங்க, போர்வை, சாப்பாடு குடுக்குறதெல்லாம் பெரும்பாலும் அந்த லிஸ்டைப் பார்த்துதான். 1992ல பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல ஆரம்பிச்ச கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ்ங்கிற நிவாரண அமைப்பு மாதிரி ஆளுங்க 2022லயும் வந்து நின்னாங்க, ஜாதி மதம் பார்க்க மாட்டாங்க. கையில ஒண்ணுமே இல்லாம நிக்கிறவங்க சாசால (அரசாங்க உதவித்தொகை குடுக்குற ஆபீஸ்) சோஷியல் ரிலீஃப் ஆஃப் டிஸ்ட்ரெஸ்ங்கிற தற்காலிக உதவி கேக்கலாம், ஐடி போயிடுச்சுன்னா போலீஸ் ஸ்டேஷன்ல அஃபிடவிட் எழுதிக்குங்க, அதுக்குக் காசு கிடையாது.

இன்ஷூரன்ஸ் இருந்தா சேத்தைக் கழுவுறதுக்கு முன்னாடி ரூம் ரூமா போட்டோ எடுங்க. நம்ம பொம்பளைங்க வீட்டுக்குள்ள கால் வெச்ச உடனே விளக்குமாத்தைத்தான் தேடுவாங்க!

ஐடி, பர்த் சர்டிஃபிகேட், மாமியாரோட பிரஷர் மாத்திரை எல்லாத்தையும் ஜிப் பிளாஸ்டிக் பையில போட்டு இன்னைக்கே கதவுகிட்ட மாட்டி வைங்க. விளக்கையும் அதே பையில திணிக்கிறதா இருந்தா எண்ணெயை வடிச்சுட்டுத் திணிங்க, போன தடவை தண்ணியில ஊறின பேப்பர் இந்தத் தடவை எண்ணெயில ஊறிடும்.