கார்பன் அம்பில் பழைய இறகை எடுப்பது எப்படி?

இறகு கிழிந்த அம்புகள் ஒரு டஜன் இருக்கின்றன. புது பிளேடு வைத்துச் சீவினால் சீக்கிரம் முடியுமே?

முடியும், ஆனால் வேண்டாம். கூர்மையான பிளேடு கொஞ்சம் சாய்ந்தாலும் கார்பன் இழையை அறுத்துவிடும். அந்த இழைதான் தண்டின் பலமே. மழுங்கிய கத்தியைத் தண்டோடு ஏறக்குறைய படுக்க வைத்து, இறகின் அடியில் நீளவாக்கில் தள்ளுங்கள். மிச்சமிருக்கும் பசையைக் கத்தியின் முதுகால் சுரண்டுங்கள். விரல் நகத்தால் தடவும்போது மேடு தட்டவில்லையா? சரி, அதோடு நிறுத்துங்கள். நிழல் போலத் தடம் தெரிவதால் ஒன்றும் குறையில்லை. அதையும் போக்கியே தீருவேன் என்று உப்புத்தாளால் தேய்ப்பதில்தான் நல்ல தண்டுகள் வீணாகின்றன.

அசிட்டோன் கார்பனைக் கெடுக்குமா?

சூப்பர் குளூ வகைப் பசையை இளக்க அசிட்டோன் நல்லது. கார்பன் இழைக்கு அதனால் ஆபத்தில்லை. இழைகளைப் பிணைத்திருக்கும் எபாக்ஸி பிசினைத்தான் யோசிக்க வேண்டும். துணியில் நனைத்துத் துடைத்தெடுத்தால் போதும், ஊறவைக்கக் கூடாது. தண்டில் அச்சிட்ட எழுத்து அழியலாம், முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, பின்முனையில் இருக்கும் பிளாஸ்டிக் ‘நாக்’கை (nock, அம்பை நாணில் மாட்டும் பிளவுள்ள முனை) கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பெரும்பாலும் நாக் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அசிட்டோன் பட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். எய்யும் நொடியில் நாக் உடைந்தால் நாணின் விசை முழுவதும் வில்லுக்கே திரும்பும். வில்லே போய்விடலாம். அப்புறம், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

இறகுக்கு அடியில் வினைல் ஸ்டிக்கர் சுற்றியிருக்கிறது. லைட்டரால் சூடாக்கலாமா?

தீ காட்டவே காட்டாதீர்கள், பிசின் வெந்துவிடும். ஹேர் டிரையரோ சுடுநீரோ போதும். ஸ்டிக்கர் இளகியதும் இறகோடு சேர்ந்தே உரிந்து வரும்.

ஸ்பின் விங் என்ற சுருண்ட பிளாஸ்டிக் இறகுக்கும் இதே முறையா?

இல்லை. அது இருபக்க டேப்பில் ஒட்டியது. கையால் உரித்து, ஆல்கஹாலால் துடையுங்கள்.

சுத்தம் செய்த தண்டு நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

இரு முனையையும் பிடித்து, முகத்திலிருந்து தள்ளி, லேசாக வளையுங்கள். தண்டைச் சுழற்றிச் சுழற்றி எல்லாப் பக்கமும் செய்யுங்கள். நெறுநெறுவென்று சத்தம் கேட்டாலோ இழை பிசிறு தட்டினாலோ அதை எய்யாதீர்கள். விரிசல் விட்ட கார்பன், எய்யும்போது சிதறி வில் பிடித்த கையிலேயே குத்தும். அப்படிப்பட்ட அம்பை அப்போதே இரண்டாக அறுத்துவிடுங்கள். தெரியாமல் இன்னொருவர் எடுத்து எய்துவிடக் கூடாது.