மறதி நோயின் கடைசிக் கட்டம்: ஒரு மருத்துவரிடம் கேட்டவையும் அவர் சொன்னவையும்

குணமாகாத நோயில் வேதனையைக் குறைக்கும் ஆதரவுச் சிகிச்சைக்காக வீடு வீடாகச் சென்று பார்க்கும் மருத்துவன் நான். மறதி நோய் முற்றியவர்களையும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களையும் பற்றிக் கேளுங்கள். நேரில் பார்க்காமல் யாருக்கும் மருந்தளவு சொல்ல மாட்டேன். எந்தக் கேள்வியாக இருந்தாலும் ஒரு எச்சரிக்கை பொருந்தும்: மல்லாந்து படுத்திருப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், திருச்சி: என் மனைவிக்கு எட்டு ஆண்டுகளாக அல்சைமர். ஆறு மாதமாகப் பேச்சு நின்றுவிட்டது, நடையும் இல்லை. இதுதான் கடைசிக் கட்டமா?

ஆம் ஐயா. நாள் முழுவதும் ஐந்தாறு சொற்களுக்கு மேல் வராமல் போவது, பிறகு ஒரே ஒரு சொல்லாகச் சுருங்குவது, நடை போவது, சாய்மானம் இல்லாமல் உட்கார முடியாமல் போவது, சிரிப்பு மறைவது, கடைசியில் தலை நிற்காமல் போவது என்ற வரிசையில்தான் அல்சைமரின் கடைசி நிலையான ஏழாம் நிலையை நாங்கள் அளக்கிறோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவர் அந்த வரிசையின் நடுவில் இருக்கிறார்.

நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. பாஸ்டன் பகுதியின் முதியோர் இல்லங்களில் முற்றிய மறதி நோயுடன் இருந்த 323 பேரைப் பதினெட்டு மாதங்கள் தொடர்ந்து கவனித்து 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்தக் காலத்துக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நூற்றுக்கு எண்பத்தாறு பேருக்குச் சாப்பிடுவதில் சிக்கலும், நாற்பத்தொரு பேருக்கு நிமோனியாவும் வந்தன. அவர்களைக் கொண்டுபோனது பெரும்பாலும் மாரடைப்போ பக்கவாதமோ அன்று, மறதி நோயேதான். விழுங்கத் தெரிவதும் இருமத் தெரிவதும் மூளையின் வேலைகளே. பெயர்களை மறந்த அதே மூளை கடைசியில் விழுங்குவதையும் மறக்கிறது. புற்றுநோய் முற்றினால் வீட்டாரைத் தனியே அழைத்துச் சொல்கிற மருத்துவர்கள், மறதி நோய் முற்றும்போது 'வயசாகிவிட்டது' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இது உயிரை முடிக்கும் நோய் என்பது வீட்டாருக்குத் தெரியாததால்தான், பின்னால் வரும் கேள்விகளில் பாதி எழுகின்றன.

மகள், திருநெல்வேலி: அப்பா சோற்றை வாயிலேயே அடக்கி வைத்துக்கொள்கிறார், விழுங்கினால் புரையேறுகிறது. மூக்கு வழியாக டியூப் போட வேண்டும் என்கிறார்கள். போடலாமா?

முற்றிய மறதி நோயில் டியூப் வைத்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்றோ, நிமோனியா குறைந்தது என்றோ, படுக்கைப் புண் ஆறியது என்றோ இதுவரை ஆய்வுகள் காட்டவில்லை. காரணம் எளிது. உணவை வேண்டுமானால் குழாய் வேறு வழியில் கொண்டுபோகும். ஆனால் எச்சிலும் வயிற்றிலிருந்து மேலேறுகிற நீரும் பழைய வழியிலேயே நுரையீரலுக்குள் இறங்குகின்றன. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் கையால் ஊட்டுவதையே பரிந்துரைக்கிறது.

ஊட்டுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதுகை நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல் முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்குமாறு தலையணை கொடுங்கள். அவர் கண்ணுக்கு நேராக நீங்களும் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், அப்போதுதான் புரையேறும். தேக்கரண்டியில் பாதி அளவு எடுத்து, தொண்டைக் குமிழ் ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுங்கள். குழைந்த சாதம், கேழ்வரகுக் கூழ், கெட்டித் தயிர் ஆகியவை இறங்கும். தண்ணீரும் நீர்மோரும்தான் பெரும்பாலும் ஏமாற்றும். இருமல் வந்தாலோ, குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோல் கரகரத்தாலோ, தூக்கம் சொக்கினாலோ அத்துடன் நிறுத்திவிட்டு, அரைமணி நேரமாவது அவரைச் சாய்க்காமல் வைத்திருங்கள். நான்கு கரண்டியுடன் வாயை மூடிக்கொண்டால் அன்றைய சாப்பாடு நான்கு கரண்டிதான்.

மகன், கோயம்புத்தூர்: என் அம்மாவுக்கு டியூப் போட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது, எடைகூடக் கூடியிருக்கிறது. பட்டினி போடச் சொல்கிறீர்களே, டாக்டர்!

தம்பி, பட்டினி போடச் சொன்னதாக மேலே ஒரு வரி இருந்தால் காட்டுங்கள். பக்கவாதத்துக்குப் பின்போ, திரும்பிவிடக்கூடிய ஒரு நோயிலோ சில வாரங்களுக்கு டியூப் வைப்பது நல்ல சிகிச்சை. அது வேறு கணக்கு. உங்கள் அம்மா அமைதியாக இருக்கிறார், பிடுங்க முயலவில்லை என்றால், வைத்ததை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன்: அவருடைய கைகள் அவிழ்ந்து இருக்கின்றனவா?

இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் தந்தைக்கு, நான் மருத்துவனாக இருந்தும், டியூப் வைக்க நானே கையெழுத்துப் போட்டேன். இரண்டு முறை பிடுங்கினார். மூன்றாம் முறை, அகலமான வெள்ளைப் பருத்தி நாடாவால் இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். நாடாவுக்கு அடியில் தோல் சிவந்து ஈரமாக இருந்தது. கேஸ் ஷீட்டில் 'அமைதியின்மை' என்று எழுதியிருந்தார்கள், நானும் படித்துத் தலையாட்டினேன். பேச்சிழந்த மனிதர் 'வேண்டாம்' என்று இரண்டு முறை தெளிவாகச் சொன்னதற்கு நாங்கள் வைத்த பெயர் அது.

மருமகள், தஞ்சாவூர்: கோவைக்காரருக்குச் சொல்கிறேன். மாமாவுக்கு டியூப் போட்டதும் வேலை சுலபமாகிவிட்டது; நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊற்றிவிட்டு எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். அதற்கு முன் ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் யாராவது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது போயிற்று.

நான் பத்தி பத்தியாக எழுதியதைவிட இது தெளிவாக இருக்கிறது.

பேரன், விருதுநகர் மாவட்டம்: எங்கள் பக்கம் அந்தக் காலத்தில், படுத்துவிட்ட முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவைக்கும் தலைக்கூத்தல் என்று ஒன்று உண்டு. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

கூசாமல் கேட்டதற்கு நன்றி; பலர் இதை மனத்துக்குள் வைத்துக்கொண்டு நடுங்குகிறார்கள். தலைக்கூத்தலில் சாகப்போகிற நாளை வீட்டார் தீர்மானிக்கிறார்கள். அது கொலை, வறுமையையும் வழக்கத்தையும் காரணமாகச் சொன்னாலும் கொலைதான். இங்கே நாளைத் தீர்மானிப்பது நோய். தட்டு அவர் முன்னால் இருக்கிறது, ஊட்டுகிற கை இருக்கிறது, வாய் திறந்தால் உணவு உண்டு. திறக்காத வாயை நெம்பித் திணிப்பதில்லை, அவ்வளவுதான். உடல் அடங்கிக்கொண்டு வரும்போது பசியும் அடங்குகிறது. சாப்பிடாததால் அவர் சாகவில்லை. சாவு நெருங்குவதால் சாப்பிடாமல் இருக்கிறார். பசிக்கிறது என்று கையை நீட்டுகிற முதியவருக்குச் சோறு மறுக்கும் வீடு இருந்தால் அது வேறு செய்தி, அங்கே காவல்துறையை அழைக்கவேண்டும்.

கோவைத் தம்பி மறுபடியும் இரண்டு முறை எழுதியிருக்கிறார். தஞ்சாவூர் அம்மாவும் விடவில்லை. கைகள் அவிழ்ந்திருப்பதாகவும், மாலையில் அம்மாவின் நாக்கில் தேன் தடவுவதாகவும் தம்பி சொல்கிறார். அப்படியானால் எங்களுக்குள் சண்டையே இல்லை. வாதத்தை இங்கே நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சகோதரர், சேலம்: மஞ்சளும் தேங்காயெண்ணெயும் கொடுத்தால் நினைவு திரும்புமா?

திரும்பாது.

மனைவி, சென்னை: வாய் பேசாதவருக்கு வலி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்று வந்தவற்றில் நான் விரும்பிய கேள்வி இது. மூச்சு, முனகல், முகம், உடல், தேற்றினால் அடங்குகிறாரா என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து இரண்டு வரை மதிப்பெண் போடும் முறை உண்டு, மொத்தம் பத்து. உங்களுக்கு மதிப்பெண் தேவையில்லை. டயபர் மாற்றும்போதும் புரட்டும்போதும் அவருடைய புருவத்தைப் பாருங்கள். அப்போது மட்டும் நெற்றி சுருங்கி, கை உங்களைத் தள்ளுகிறது என்றால், அது கோபமில்லை, வலி. இறுகிய முழங்கால், பல்லிடுக்கில் சீழ், நாலு நாளாக வெளியேறாத மலம், அடைபட்ட சிறுநீர், வால் எலும்பின் மேல் தொடங்கும் புண் ஆகியவற்றைத்தான் முதலில் தேட வேண்டும். இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். காற்று மெத்தை வாங்கிவிட்டதால் புரட்ட வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். சாதாரண பாராசிட்டமாலைக்கூட நேரம் தவறாமல் கொடுத்தால் பலருக்கு முகம் தெளிகிறது. அதற்கு மேல் தேவைப்பட்டால் மார்ஃபின் இருக்கிறது. 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியது அது நோயாளிகளுக்குத் தடையின்றிக் கிடைக்கட்டும் என்பதற்காகவே. உரிய அளவில் கொடுத்தால் அது சாவை முந்திக்கொண்டு வருவதில்லை.

மகன், ஈரோடு: இரவெல்லாம் கத்துகிறார். தூக்க மாத்திரை எழுதிக் கொடுங்கள்.

எழுத மாட்டேன். மேலே சென்னை அம்மாவுக்குச் சொன்ன, முழங்கால் முதல் வால் எலும்புப் புண் வரையிலான ஐந்தையும் தேடுங்கள்; திடீரென்று தொடங்கிய கத்தல் என்றால் சிறுநீர்த் தொற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மனநோய்க்கான மாத்திரைகள் மறதி நோயுள்ள முதியவர்களிடம் இறப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2005லேயே எச்சரித்திருக்கிறது. லூயி பாடி என்ற வகை மறதி நோயில், அந்த மாத்திரைகளில் ஒன்றான ஹாலோபெரிடால் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பார்த்து, குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு எழுதினால் அது வேறு.

மகள், மதுரை: அத்தை எதையும் குடிப்பதில்லை. டிரிப்ஸ் ஏற்றலாமா?

கடைசி நாட்களில் ஏற்றும் நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்குகிறது. உலர்வது வாய்தான்; மணிக்கொரு முறை ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைத்து, உதட்டில் சிறிது தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

மருமகன், நாகப்பட்டினம்: இழுத்துக்கொண்டு கிடக்கிறார். மண்ணும் பொன்னும் உரசிப் பாலில் கலந்து ஊற்றினால் ஆசை அடங்கி உயிர் பிரியும் என்கிறார்கள்...

இதே கேள்வி இன்று நான்காம் முறை. ஊற்றாதீர்கள்! அந்தப் பால் வயிற்றுக்குப் போவதில்லை, மூச்சுக்குழாய்க்குப் போகிறது. பெரியவர்கள் வற்புறுத்தினால், பஞ்சைப் பாலில் நனைத்து நன்றாகப் பிழிந்து, பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக உதட்டில் ஒற்றட்டும்; சடங்கும் நிறைவேறும். தொண்டையில் சேடம் இழுக்கும் ஒலி கேட்பவர்களைத்தான் வதைக்கிறது. அந்த நேரத்தில் அவர் பெரும்பாலும் அதை அறிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் ஒலி குறையும்.

கணவர், புதுச்சேரி: வென்டிலேட்டர் வேண்டாம் என்று இப்போதே எழுதி வைக்கலாமா?

உங்களுக்காக எழுதலாம், உங்கள் மனைவிக்காக முடியாது. சுயநினைவோடு இருப்பவர் தமக்காக எழுதுவது அது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை ஏற்றது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும். மனைவியின் நிலையில், வைத்த கருவியை விலக்க, குடும்பத்தாரின் இசைவோடு இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும். மருத்துவமனைக்கே கொண்டுபோவதா என்ற கேள்வியை அதற்கு முன்பே வீட்டில் பேசி முடியுங்கள்.

மகன், ஓசூர்: அப்பாவின் பென்ஷன் கணக்குக்குப் பவர் பத்திரம் போதுமா?

எழுதிக் கொடுத்தவர் சித்தம் இழந்தால் இந்தியச் சட்டப்படி பவர் பத்திரம் செல்லாது. உயர் நீதிமன்றத்தில் பாதுகாவலராக நியமனம் கேட்பது பற்றி வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

மகள், பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்: ஒன்பது ஆண்டுகள். நேற்று இரவு மூன்றாம் முறை துணி மாற்றும்போது, அம்மா போய்ச் சேர்ந்தால் தேவலை என்று நினைத்துவிட்டேன்.

அம்மா, இதைச் சொல்லாதவர்களும் நினைத்திருக்கிறார்கள். வீடுகளில் பார்க்கிறேன்: உங்கள் அம்மாவை நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்பது ஆண்டுகளாக இழந்துகொண்டிருக்கிறீர்கள், அதற்கு யாரும் துக்கம் கேட்க வரவில்லை. அந்த நினைப்பு வெறுப்பால் வந்ததன்று, தூக்கமில்லாத உடம்பிலிருந்து வந்தது. அறிவுரை வேண்டாம், ஆள்தான் வேண்டும். வாரத்தில் இரண்டு இரவு வேறொருவர் படுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யச் சொல்லி உடன்பிறந்தவர்களிடம் கேளுங்கள்; பணம் அனுப்புகிறோம் என்றால் அந்தப் பணத்தில் இரவு ஆள் வையுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவுச் சிகிச்சை தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். முதியோர் உதவிக்கு 14567. மனம் கலங்கும் இரவுகளில் 14416ஐ அழையுங்கள், அது உங்களுக்கான எண்.

மருமகள், காரைக்குடி: இரண்டு ஆண்டுகளாக யாரையும் தெரியாத மாமியார், நேற்று மாலை என் பெயரைச் சொல்லி, 'சாப்பிட்டியா' என்று கேட்டார். ஒரு வாய் பாயசமும் சாப்பிட்டார். குணமாகிறாரா டாக்டர்? மூத்தவர் சிங்கப்பூரில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்கிறார்.

குணமில்லை அம்மா. முற்றிய நோயிலும் சிலருக்கு இப்படித் திடீரென்று தெளிவு வருவதுண்டு. ஏன் என்பதை மருத்துவம் இன்னும் விளக்கவில்லை. பல நேரங்களில் அது முடிவுக்குச் சற்று முன்னால் வருகிறது. இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் அலைய வேண்டாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டேன் என்று பதில் சொல்லுங்கள். மூத்தவரை இன்றைக்கே கிளம்பச் சொல்லுங்கள். அதற்குள் ஒரு முறை போனில் அவர் குரலை அத்தையின் காதருகே வையுங்கள்.