ஹெல்மெட் லைனர் நாறுது, கழுவலாமா, இல்ல 450 ரூபா கொடுத்து ஸ்பாஞ்ச் மாத்தணுமா?

மதுரைல டெலிவரி வேலை பாக்குற ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், வாங்கி ஒன்றரை வருஷம், தினமும் பத்து மணி நேரம் தலையில தான் இருக்கு. உள்ள ஸ்பாஞ்சு பிசுபிசுன்னு ஆகி நாத்தம் தாங்கல, நெத்தியில பொரிப்பொரியா வந்து அரிக்குது. வாட்டர் சர்வீஸ்ல வண்டியோட சேத்து நுரை அடிச்சு முழுசா கழுவித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாராம், ஒரு கடைல பழைய ஸ்பாஞ்ச பிச்சுப் போட்டுட்டு புதுசு ஒட்டித் தர்றேன், 450 ரூபான்னு சொல்றாங்களாம். வீட்டுல கழுவினா ஹெல்மெட்டோட பலம் போயிடுமோன்னும் பயமா இருக்குன்னு எழுதியிருக்காரு.

தம்பி, வீட்டுலயே கழுவலாம், ஒண்ணும் ஆகாது. அந்த ரெண்டு பேர்கிட்டயும் கொடுக்காதீங்க, முக்கியமா ஸ்பாஞ்ச் ஒட்டித் தர்றேன்னு சொன்னவர்கிட்ட.

ஹெல்மெட்டுல மூணு அடுக்கு இருக்கு. வெளில ஓடு, அதுக்குள்ள கெட்டியான தெர்மாகோல், அதுக்கும் உள்ள நம்ம தலையில படுற மெத்து மெத்துன்னு துணி சுத்தின ஸ்பாஞ்ச். விழுந்தா அடியை வாங்கிக்கிறது பெரும்பாலும் அந்த தெர்மாகோல் தான், அது நசுங்கித்தான் மண்டைக்குப் போற வேகத்தக் குறைக்குது. ஒருதடவ நசுங்கினா திரும்ப எழும்பாது. லைனர்ங்கிறது அந்த மெத்து அடுக்கு மட்டும் தான், ஹெல்மெட் தலையில சரியா உக்காரவும் வேர்வைய உறிஞ்சவும் இருக்கு. அதனால லைனரை துணி மாதிரி துவைக்கலாம், தெர்மாகோல்கிட்ட மட்டும் ஜாக்கிரதையா இருக்கணும். இது ஒண்ணு மனசுல இருந்தா போதும்.

கழுவுறது எப்படின்னா, ரெண்டு பக்கமும் கன்னத்துல இருக்கிற பேடு பிரஸ் பட்டன்ல மாட்டியிருக்கும், பேட்ட புடிச்சு இழுக்காம பட்டன் இருக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே விரல விட்டு டப்புனு எடுங்க, ஓரத்த புடிச்சு இழுத்தா துணி கிழிஞ்சு பட்டன் அங்கேயே நின்னுடும். எடுக்கறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, எது இடது எது வலதுன்னு திரும்ப மாட்டும்போது குழப்பம் வரும். பக்கெட்ல வெதுவெதுப்பான தண்ணி, தலைக்குப் போடுற சாதா ஷாம்பு ஒரு சாஷே, குழந்தைங்க ஷாம்பு இருந்தா இன்னும் நல்லது. துணி பவுடர் வேண்டாம், அது ஸ்பாஞ்சுல தங்கி வேர்வையோட கலந்து நெத்திய இன்னும் அரிக்க வைக்கும், துணிக்கு வாசனைக்கு ஊத்துற திரவமும் அப்படித்தான். பத்து நிமிஷம் ஊற வச்சு கையால அமுக்கி அமுக்கி எடுங்க, முறுக்கிப் பிழியாதீங்க, பிரஷ் போட்டு தேய்க்காதீங்க. முதல் தண்ணி டீ டிகாக்‌ஷன் மாதிரி வரும், பயப்படாதீங்க, தேங்காய் எண்ணெயும் தூசியும் வேர்வையும் சேந்தது அது. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசிட்டு, காஞ்ச டவலுக்குள்ள வச்சு மேல அமுக்கினா பாதி ஈரம் டவலுக்குப் போயிடும். அப்புறம் நிழல்ல ஃபேனுக்கு அடியில, ஒரு முழு நாள். மழைக்காலம்னா ரெண்டு நாள். மொட்டை மாடி வெயில் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம், வண்டி சைலன்ஸர் மேல வச்சு காய வைக்கிறவங்களையும் பாத்திருக்கேன், வேண்டவே வேண்டாம். பாதி காஞ்சத மாட்டினா ரெண்டே நாள்ல பழைய நாத்தம் திரும்பி வரும், அப்புறம் கழுவியும் போகலன்னு நினைப்பீங்க.

வேலைக்குப் போகணுமே, ஒரு நாள் எப்படி சும்மா வைக்கிறதுன்னு கேப்பீங்க. லீவு நாளுக்கு முந்தின ராத்திரி கழுவிப் போடுங்க. லைனர் இல்லாம வெறும் ஓட்டோட மாட்டிக்கிட்டு மட்டும் ஓட்டாதீங்க, லொடலொடன்னு இருக்கிற ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன்னாடி பறந்துடும்.

இப்போ நிறைய பேர் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். விலை குறைஞ்ச மாடல் பலதுல கன்னத்து பேடு மட்டும் கழண்டு வரும், தலை உச்சில இருக்கிறது கம்பெனியிலயே ஒட்டியிருக்கும். கன்னத்து பேடு வந்துடுச்சேன்னு உச்சியையும் புடிச்சு இழுத்தா ஸ்பாஞ்சோட சேந்து தெர்மாகோலும் பேந்துக்கிட்டு வரும். ஆனா இதுலயும் ரெண்டு வகை இருக்கு. சிலதுல நெத்திப்பக்கம் ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் பட்டை இருக்கும், அது ஓட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவுல செருகியிருக்கும், பாத்தா ஒட்டின மாதிரியே தெரியும், ஆனா ஒட்டினது இல்ல. நெத்தி ஓரத்துல விரல வச்சு தடவிப் பாருங்க, பட்டை தட்டுப்பட்டா நடுவுல இருந்து மெதுவா மேல தூக்கினா வந்துடும், பின்னாடி ரெண்டு பட்டன் இருக்கும், அதையும் எடுத்தா மொத்தமும் வெளிய வரும். பட்டையும் இல்ல, பட்டனும் இல்ல, லேசா இழுத்தா துணி மட்டும் இழுபடுதுன்னா அது ஒட்டினது, விட்டுடுங்க. அந்த மாதிரி ஹெல்மெட்ட தண்ணில முக்கக்கூடாது. கவுத்து வைக்காம குழிப்பக்கம் மேல பாக்குற மாதிரி மடிச்ச டவல் மேல வைங்க. மக்குல ஷாம்பு போட்டு நல்லா நுரை கட்டி, தண்ணிய விட்டுட்டு நுரைய மட்டும் தனியா ஒரு ஸ்பாஞ்சுல எடுத்து லைனர் மேல தடவி அமுக்குங்க, அழுக்கு நுரையோட மேல வரும், ஈரத்துணியால ஒத்தி எடுங்க, துணிய அலசி திரும்ப ஒத்துங்க, நுரை வராத வரைக்கும் நாலஞ்சு தடவ. அப்புறம் காஞ்ச டவல உள்ள திணிச்சு அமுக்கி வச்சுட்டு, டவல எடுத்துட்டு ஃபேனுக்கு நேரா வைங்க, ரெண்டு நாள் கூட ஆகும். காஞ்சிருச்சான்னு தெரிய டிஷ்யூ பேப்பர உச்சில ஒரு நிமிஷம் அமுக்கிப் பாருங்க, பேப்பர் நமத்தா இன்னும் இருக்குன்னு அர்த்தம். ஒட்டின லைனர் இருக்கிறவங்க நாறுற வரைக்கும் காத்திருக்காம பத்து நாளைக்கு ஒருதடவ ஈரத்துணியால ஒத்தி எடுத்துக்கிட்டே இருந்தா இவ்வளவு பாடு வராது.

இப்ப அந்த 450 ரூபா விஷயம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஏரியால பல வருஷமா ஹெல்மெட், ரைடிங் கியர் வியாபாரத்துல இருக்கேன், இந்த ஸ்பாஞ்ச் ஒட்டுற வேலைய பாத்தா எனக்கு வயிறு எரியுது. அவங்க ஒட்டுறது ரப்பர் பசை, செருப்புக்கும் ரெக்ஸினுக்கும் போடுறது. அதுல இருக்கிற கரைப்பான் தெர்மாகோல தின்னுடும். சந்தேகம்னா டிவி பெட்டில வர்ற தெர்மாகோல் துண்டுல ஒரு சொட்டு பெட்ரோல் விட்டுப் பாருங்க, கண்ணு முன்னாடி உருகும், இந்தப் பசையும் அதே சாதி தான். போன வருஷம் ஒரு அண்ணன் இப்படி ஒட்டின ஹெல்மெட் கொண்டாந்தாரு, தலை வலிக்குது பாருங்கன்னு. புது ஸ்பாஞ்ச பிரிச்சா உள்ள தெர்மாகோல் ஊத்தாப்பம் மாதிரி ஓட்ட ஓட்டயா கிடக்கு. நாலாயிரம் ரூபா ஹெல்மெட். வெளில ஒரு கீறல் இல்ல. அத போட்டுக்கிட்டு ரெண்டு மாசம் பைபாஸ்ல போயிட்டு வந்திருக்காரு, ரெண்டு சின்னப் பிள்ளைங்க அவருக்கு. ஒட்டினவன யாரு கேக்கப் போறா?

அதே காரணத்துக்குத்தான் பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் ஹெல்மெட் பக்கமே வரக்கூடாதுன்னு சொல்றோம், ஸ்டிக்கர் கறை போகணும்னு வெளில தேய்ச்சாலும் சரி, பிளாஸ்டிக் ஓடும் வைசரும் மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். நாத்தத்துக்கு பாடி ஸ்பிரே அடிக்காதீங்க. பாச்சை உருண்டைய உள்ள போட்டு வைக்கிறது நிறைய வீட்டுல இருக்கிற பழக்கம், அதுவும் தெர்மாகோல இளக்கும். பிளீச்சிங் போட்டா தாடைப் பட்டை நைஞ்சு போகும். வாட்டர் சர்வீஸ்காரர் வண்டிக்கு அடிக்கிற நுரை கிரீஸ் போறதுக்கு, உங்க நெத்திக்கு இல்ல. அந்த பிரஷர்ல தண்ணி ஓட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவுல போய் உக்காந்தா காயவே காயாது.

மாத்தணும்னா அதே கம்பெனி, அதே மாடல், அதே சைஸ் லைனர் வாங்கி மாட்டணும். இங்க தான் எனக்கு ஆத்திரமே வருது. ஹெல்மெட் இல்லன்னா ஆயிரம் ரூபா ஃபைன், லைசென்ஸ மூணு மாசம் நிறுத்தி வைக்கலாம்னு மோட்டார் வாகனச் சட்டத்துல 194டி பிரிவு இருக்கு. 2021 ஜூன் மாசத்துல இருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட் விக்கவே கூடாதுன்னு ஆர்டர் இருக்கு. எல்லாம் சரி, வேணும். ஆனா ஆயிரம் ஆயிரத்தி இருநூறு ரூபா ஹெல்மெட்டுக்கு லைனர் தனியா கேட்டா டீலர் கைய விரிக்கிறாங்க, இருந்தா உங்க சைஸ் இருக்காது. பத்து மணி நேரம் வெயில்ல ஓடுற ஆளுக்குத் தான் லைனர் சீக்கிரம் போகும், அவருக்குத் தான் கிடைக்காது. அதனாலதான் அந்த பசைக்காரங்ககிட்ட ஜனங்க போறாங்க. ரோட்டோரம் முந்நூறு ரூபாய்க்கு முத்திரை ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி விக்கிறத தட்டிக் கேக்க ஆள் இல்ல, தலையில ஏதோ ஒண்ணு இருந்தா சிக்னல்ல விட்டுடறாங்க. முத்திரைக்கு மேல ஐஎஸ் 4151ன்னும் கீழ சிஎம்/எல்னு ஆரம்பிக்கிற நம்பரும் இருக்கணும், அந்த நம்பர, முத்திரை கொடுக்கிற அரசு அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா எந்தக் கம்பெனின்னு காட்டும். அடுத்த தடவ வாங்கும்போது கடைலயே நின்னு பாருங்க.

இனிமே நாறாம இருக்க, உள்ள மெல்லிசு காட்டன் ஸ்கல் கேப் ரெண்டு வாங்கி மாத்தி மாத்தி போடுங்க, தினமும் துவைங்க. தலைக்கு எண்ணெய் ராத்திரி தேய்ச்சு காலைல அலசிடுங்க, எண்ணெய் தலையோட ஹெல்மெட் போட்டா பாதி எண்ணெய் ஸ்பாஞ்சுக்குத் தான் போகும். ஹெல்மெட்ட வண்டிக் கண்ணாடி மேல மாட்டாதீங்க, கண்ணாடி முனை தெர்மாகோல குத்தி பள்ளம் போடும். வீட்டுக்கு வந்ததும் டிக்கில பூட்டாம காத்து படுற மாதிரி வைங்க. உங்க வேலைக்கு மூணு வாரத்துக்கு ஒருதடவ லைனர் துவைச்சா சரியா இருக்கும். பொடுகு இருந்தா அதையும் சேத்துப் பாத்துக்கோங்க. சுத்தமான லைனர் போட்டும் ரெண்டு வாரத்துல நெத்தி அரிப்பு போகலன்னா தோல் டாக்டர பாருங்க, மெடிக்கல் ஷாப்ல ஆயின்மென்ட் கேட்டு வாங்காதீங்க.

கழுவிக் காயப்போட்டு திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு பட்டனும் டிக்குனு சத்தம் கேக்குதான்னு பாருங்க. அப்புறம் போட்டு ஸ்ட்ராப் மாட்டிக்கிட்டு, பின்னாடி கீழ் ஓரத்துல கை வச்சு முன்னாடி தள்ளிப் பாருங்க, தலைய வேகமா இடம் வலம் ஆட்டுங்க. கன்னத்துத் தோலும் ஹெல்மெட்டோட சேந்து நகரணும். ஹெல்மெட் மட்டும் தனியா சுத்துது, இல்ல முன்னாடி கழண்டு வருதுன்னா ஸ்பாஞ்ச் அமுங்கி செத்துப்போச்சு, துணி கிணி வச்சு திணிக்காதீங்க. அந்த சைஸ் லைனர் ஆர்டர் போட்டு வரவழைச்சுத் தர முடியுமான்னு வாங்கின கடைலயே கேளுங்க. முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னா, அந்த 450 ரூபாய புது ஹெல்மெட்டுக்கு எடுத்து வைங்க.