நாலு பேர்ல ஒருத்தர்தான் ஆர்க்கிடெக்ட்

அன்புள்ள சார்,

நான் பி.ஆர்க் கடைசி வருஷம் படிக்கிறேன். படிப்பு முடிஞ்சதும் கிளாஸ்மேட்ஸ் மூணு பேரா சேர்ந்து திருநெல்வேலில சின்னதா ஒரு ஸ்டூடியோ ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், டிசைனோட கூடவே ரிசர்ச்சும் பண்ணணும்னு ஆசை. கம்மி செலவுல வீடு கட்டுற திருச்சூர் காஸ்ட்ஃபோர்ட் நிறுவனம் பத்தி நீங்க ஒரு கட்டுரையில ஒத்த வரி எழுதிட்டு போயிட்டீங்க. அத ஆரம்பிச்சவங்க யாரு, என்ன படிச்சவங்க? ரிசர்ச்னு போர்டு வைக்க மாஸ்டர்ஸ், பிஎச்டி எல்லாம் வேணுமா? அப்படியே ஒரு நல்ல பேரும் சொல்லுங்க.

எம்., பாளையங்கோட்டை

அன்புள்ள எம்,

காஸ்ட்ஃபோர்ட் 1985-ல தொடங்கினது. நாலு பேர். அதுல ஆர்க்கிடெக்ட்னா லாரி பேக்கர் ஒருத்தர்தான். இன்னொருத்தர் அச்சுத மேனன், கேரளாவோட முன்னாள் முதலமைச்சர். இன்னொருத்தர் கே.என்.ராஜ், எகனாமிஸ்ட், முதல் ஐந்தாண்டுத் திட்டம் எழுதுறதுல பங்கு இருந்த ஆளு. நாலாவது டி.ஆர்.சந்திரதத், ரொம்ப காலம் டைரக்டரா இருந்து நிறுவனத்த தோள்ல சுமந்தவர். அப்போ பேக்கருக்கு 68 வயசு, மேனனுக்கு 70 தாண்டியாச்சு, நீங்க இருபத்திமூணுல லேட் ஆயிடுச்சோன்னு பயப்படாதீங்க.

பேக்கர் கதை எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுதான் அன்னைக்கு ஒத்த வரியோட விட்டேன். பர்மிங்ஹாம்காரர், 1937-ல ஆர்க்கிடெக்சர் முடிச்சார், குவேக்கர்னு போரையே ஏத்துக்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவு, அதைச் சேர்ந்தவர், அதனால ரெண்டாம் உலகப் போர்ல துப்பாக்கி எடுக்காம ஆம்புலன்ஸ் யூனிட்ல சேர்ந்து சீனாவுக்கு போனார், அங்க மயக்க மருந்து குடுக்குற வேலையெல்லாம் பாத்தார். ஊர் திரும்ப கப்பலுக்கு பம்பாய்ல காத்துக் கிடந்தப்போதான் காந்திய பாத்தது. அப்புறம் 1945-ல தொழுநோய் மிஷனுக்கு கட்டடம் கட்ட இந்தியா வந்தவர், டாக்டர் எலிசபெத்த கல்யாணம் பண்ணி இமயமலை ஓரம் பித்தோராகர்ல பதினாறு வருஷம் இருந்துட்டார். அங்க சிமெண்ட் மூட்டைய மலையேத்தி கொண்டு போறதுக்கு ஆகுற காசுக்கு உள்ளூர்க்காரன் கல்லும் மண்ணும் வெச்சு வீட்டையே கட்டிடுவான், தான் படிச்சது அங்க செல்லாதுன்னு அவருக்கு புரிஞ்சது அங்கதான். என்னைக் கேட்டா அவரோட பிஎச்டி அந்த பதினாறு வருஷம்தான்.

ஆனா இந்தக் கூட்டணில எனக்கு ஆச்சரியம் பேக்கர் இல்ல, மேனன்தான். அவர் ஆட்சியிலதான் 1972-ல லட்சம் வீடு திட்டம் வந்துது, எம்.என்.கோவிந்தன் நாயர் மந்திரி, பஞ்சாயத்து பஞ்சாயத்தா ஏழைகளுக்கு வீடு, நிறைய இடத்துல நடுச்சுவர் பொதுவா வெச்ச ரெட்டை வீடு. அத நடத்திப் பாத்த ஆளு ஒரு ஆர்க்கிடெக்ட் பக்கத்துல உக்காந்தா என்ன ஆகும்னு யோசிங்க. ஒரு வீட்டுல நூறு ரூபா மிச்சம்னா நமக்கு அது ஒரு நாள் டீ செலவு, அவருக்கு அது ஒரு லட்சத்தால பெருக்கி ஒரு கோடி. ராஜும் அப்படித்தான், காசு எங்க போகுது, சிமெண்ட் கம்பெனிக்கா இல்ல கூலியா உள்ளூர்லயே நிக்குதான்னு கேக்குற ஆளு. இவங்க மூணு பேரும் காஸ்ட்ஃபோர்டுக்கு முன்னாடியே ஒரு கட்டடத்துல சந்திச்சாச்சு. திருவனந்தபுரத்துல உள்ளூர்ங்கிற பேருள்ள இடத்துல இருக்கிற சிடிஎஸ், அதாவது வளர்ச்சி ஆராய்ச்சி மையம், ராஜ் தொடங்கினது, மேனன் முதலமைச்சர், கட்டினது பேக்கர். போய் பாத்துட்டு வாங்க, வாட்ச்மேன் கிட்ட பர்மிஷன் கேட்டுக்கோங்க.

ரிசர்ச்னு அவங்க சொன்னது எதுன்னா, ராட் ட்ராப் பாண்ட் எடுத்துக்கோங்க. செங்கல்ல படுக்க வைக்காம குத்து வாட்டுல நிறுத்தி கட்டுறது, செவுத்துக்கு நடுவுல காலி இடம் விழும், ஒம்போது இஞ்ச் கனம் அப்படியே இருக்கும், கல்லு சுமாரா கால்வாசி குறையும், காத்து நிக்கிறதால வெயிலும் சட்டுனு உள்ள எறங்காது. ஃபில்லர் ஸ்லாபும் இதே மாதிரி கணக்குதான், தளத்தோட அடிப்பக்க கான்கிரீட் பெருசா பாரம் தாங்குறதில்ல, அங்க பழைய ஓட்ட வெச்சா போதும். எங்க கொத்தனாருக்கு இத சொன்னப்போ "சார், செங்கல் வாங்க காசு இல்லன்னா சொல்லுங்க, தவணைல தர்ற ஆளு இருக்கு"ன்னார். நான் பிடிவாதமா கட்ட வெச்சேன், பூசவும் இல்ல. இப்ப வரைக்கும் சொந்தக்காரங்க வந்தா எப்ப வீட்டு வேலை முடியும்னுதான் கேக்குறாங்க. ஒயர் பைப் எங்க போகணும்னு முன்னாடியே யோசிக்காம விட்டது என் தப்பு, ரெண்டு எடத்துல செவுத்த உடைச்சோம்.

அதனால பிஎச்டி வேணாம். ஆனா மூணு பேரும் ஒரே கிளாஸ்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் எனக்கு உறுத்துது. மூணு பேரும் ஒரே வாத்தியார்கிட்ட படிச்சு ஒரே கட்டடத்த ரசிச்சவங்க, யாரு யார மறுத்துப் பேசுவீங்க? ஒரு பி.காம் ஃப்ரெண்ட், இல்ல பஞ்சாயத்துல கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆன யாரோட மாமாவாவது, வாரம் ஒரு நாள் வந்து உங்க எஸ்டிமேட்ட பாக்கட்டும். கொத்தனார் ஒருத்தர் கண்டிப்பா வேணும், என் ஆள் மாதிரி வாய் பேசுறவரா பாத்து புடிங்க.

பேர் விஷயத்துல நான் ரொம்ப வீக். காஸ்ட்ஃபோர்ட்ங்கிறதுக்கு முழுப்பேர் ஊரக மேம்பாட்டுக்கான அறிவியல் தொழில்நுட்ப மையம், கேட்டா கலெக்டர் ஆபீஸ் பின்னாடி இருக்கிற ஏதோ டிபார்ட்மெண்ட்னு தோணும். அதோடவே நாப்பது வருஷம் ஓட்டிட்டாங்க.