வாசகர் கேள்வி பதில்: பிஷப் கோர்ட்டுக்கு வந்த கல்யாண வழக்குகள்

கேள்வி: இடைக்கால ஐரோப்பாவில் சர்ச் நடத்திய நீதிமன்றம் என்றாலே ஆட்களை உயிரோடு எரித்ததுதான் ஞாபகம் வருகிறது. அன்றாடம் அங்கே அதுதான் வேலையா?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: அந்தக் கொடுமை நடந்தது, மழுப்ப வேண்டியதில்லை. 1252-ல் போப் நான்காம் இன்னொசென்ட் மதவிரோத வழக்குகளில் சித்திரவதைக்கே அனுமதி கொடுத்தார். ஆனால் அதற்கென்று தனி விசாரணை அமைப்பு இருந்தது. பிஷப்பின் பெயரால் ஊர் ஊராக நடந்த சாதாரண கோர்ட்டுக்கு வந்ததெல்லாம் கல்யாணத் தகராறு, உயில், கட்டாத தசமபாகம் (சர்ச்சுக்குச் செலுத்த வேண்டிய பத்தில் ஒரு பங்கு), அவதூறு, சத்தியம் செய்து வாங்கிவிட்டுத் திருப்பித் தராத கடன் இப்படித்தான்.

இதில் கல்யாண வழக்குகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அலெக்சாண்டர் போப்பாக இருந்தபோது ஒரு விதி உறுதியானது: ஆணும் பெண்ணும் மனம் ஒப்பி "உன்னை மனைவியாக ஏற்கிறேன்", "உன்னைக் கணவனாக ஏற்கிறேன்" என்று சொல்லிக்கொண்டால் போதும், கல்யாணம் முடிந்தது. பாதிரியார் வேண்டாம், பெற்றோர் சம்மதம் வேண்டாம், சாட்சிகூட வேண்டாம். பெற்றவர்கள் பேசி முடிப்பதே வழக்கமாக இருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம்! சிக்கல் எங்கே வந்ததென்றால், அப்படித் தனியாகச் சொல்லிவிட்டு அப்புறம் அவன் "நான் சொல்லவே இல்லை" என்று வேறொருத்தியைக் கட்டிக்கொண்டால் முதல் பெண் என்ன செய்வாள்? நேரே பிஷப் கோர்ட்டுக்குப் போவாள். இங்கிலாந்தின் யார்க் நகரத்து வழக்குக் கட்டுகள் 1300 வாக்கிலிருந்து இன்றும் பத்திரமாக இருக்கின்றன, அதில் "இவன் என் கணவன், ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள்" என்று பெண்களே தொடுத்த வழக்குகள் நிறைய. ஆனால் கல்யாணத்துக்குத் தேவைப்படாத சாட்சி வழக்குக்குத் தேவைப்பட்டது, அதுவும் இரண்டு பேர். ஆள் கிடைக்காதவள் தோற்றாள். உண்மையைச் சொன்னவளும் தோற்றாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1563-ல்தான், டிரென்ட் சங்கத்தில் (பிஷப்புகள் கூடி முடிவெடுத்த மாமன்றம்), பாதிரியாரும் சாட்சிகளும் கட்டாயம் என்று ஆக்கியது.

கேள்வி: பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்க வைத்துக் குற்றம் கண்டுபிடித்தார்களாமே, அது எப்படி நின்றது?
(ஒரு கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: இரும்பைப் பிடித்துச் சில அடி நடக்க வேண்டும், கையைக் கட்டி வைத்து மூன்று நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள், புண் சீழ் பிடித்திருந்தால் குற்றவாளி. இந்தச் சடங்குக்குப் பாதிரியாரின் ஆசீர்வாதம் அவசியம். 1215-ல் மூன்றாம் இன்னொசென்ட் கூட்டிய நான்காம் லாத்தரன் சங்கம், இனி எந்தக் குருவும் இதை ஆசீர்வதிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. ஆசீர்வாதம் போனதும் சடங்கும் ஆட்டம் கண்டது. இங்கிலாந்து மன்னர் நீதிமன்றங்கள் ஜூரி பக்கம் திரும்பின. திருச்சபை கோர்ட்டுகளோ ஏற்கெனவே ரோமானியச் சட்ட வழியில் போய்க்கொண்டிருந்தன: எழுத்து மூலமான மனு, அதற்குப் பதில், ஒவ்வொரு சாட்சியையும் தனித்தனியாக அழைத்துக் கேட்டு எழுத்தர் பதிவு செய்த வாக்குமூலம். அந்த வாக்குமூலங்களில்தான் வேலைக்காரப் பெண்களும் குடியானவர்களும் என்ன பேசினார்கள் என்பது இன்று நமக்குக் கிடைக்கிறது. கோர்ட் உத்தரவை மதிக்காதவரைச் சபைவிலக்கம் செய்வார்கள், அதாவது திருச்சபையிலிருந்து ஒதுக்கி வைப்பார்கள். இங்கிலாந்தில் 40 நாள் ஆகியும் அவர் பணியாவிட்டால் பிஷப் அரசருக்கு எழுதிக் கைது செய்ய வைக்கலாம்.

கேள்வி: நம் குடும்ப நீதிமன்றத்தில் "சேர்ந்து வாழ உத்தரவிடுங்கள்" என்று போடும் வழக்குகூட அங்கிருந்து வந்ததா?
(ஒரு வாசகி, சேலம்)

பதில்: ஆமாம். இந்து திருமணச் சட்டம் 1955-ன் 9-ஆவது பிரிவில் இருக்கும் இந்த வழக்குக்கு வேர் இங்கிலாந்தின் திருச்சபை கோர்ட்டுகள்தான். 1857-ல் அங்கே திருமண வழக்குகள் அரசு நீதிமன்றத்துக்கு மாறியபோது இதுவும் கூடவே போனது, 1970-ல் சட்டம் போட்டு அவர்களே ஒழித்துவிட்டார்கள். இங்கே 1983-ல் ஆந்திர உயர்நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லாது என்றது, அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. மனமில்லாத ஒருவரைச் சேர்ந்து வாழச் சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவு போடக் கூடாது, இந்தப் பிரிவு போக வேண்டும் என்பது என் கருத்து.